ஒரு காது வெளியே

...இல்லை, வலது காதுதான் வெளியே இருக்க வேண்டும், பெண்டாட்டி படுத்திருக்கும் அறை வலப்பக்கம், ஹெட்போனின் ஒரு கிண்ணத்தை இடது காதில் அமுக்கிக்கொண்டு இன்னொன்றைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் தீர்ந்தது, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அப்படி நின்றுதான் இரண்டு ரெக்கார்டைத் தாளம் பிசகாமல் சேர்க்கும் இந்த வித்தையைப் பழக வேண்டும் என்று பழைய ரெக்கார்டு கடைக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார், "ஊருக்குக் கேக்குற பாட்டு ஒரு காதுல, ஊருக்கு இன்னும் கேக்காத பாட்டு இன்னொரு காதுல, ரெண்டும் ஒரே நடையில நடந்தா கையை எடுங்கண்ணே, நடக்கலேன்னா ரெக்கார்டை எனக்கே திருப்பிக் குடுத்துடுங்க", அதைக் கேட்டபோதே லிஃப்ட் மெக்கானிக்குக்கு இது தன் வீட்டுக்கென்றே யாரோ கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்று தோன்றிவிட்டது, டிவி பார்த்தால் இரண்டு காதும் போய்விடும், சீட்டாடப் போனால் ஆளே போய்விடும், ஒரு காதைத் திறந்து வைப்பதையே விதியாக வைத்திருக்கிற ஆட்டம் உலகத்தில் வேறு எது... அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மற்றவர்கள் சொல்லிக்கொண்டது வேறு.

மற்றவர்கள் என்றால் முதலில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா, பெண்டாட்டிக்கு வயிற்றில் வந்த நோய் போய்த் திரும்பி வந்து படுக்கையில் தள்ளியிருக்கிறது, பெரிய டாக்டரே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார், அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும், இந்த மனுஷன் என்னடாவென்றால் ஐம்பது தாண்டிய வயதில், மூடிப்போன நடன அரங்கிலிருந்து ரெக்கார்டு சுழற்றும் தட்டுகள் இரண்டை வாங்கி மூன்று மாடி தோளிலேயே சுமந்து ஏறினார், தோளில்தான், ஏனென்றால் லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யாது, அதுவும் அந்தம்மா வாயிலிருந்து வந்த செய்திதான். "மேல என்ன மாவு மில்லா வெச்சிருக்கீங்க?" என்று படிக்கட்டில் மறித்துக் கேட்டாள். அவர் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாதோ? நோயாளி வீட்டு ஆம்பளை எவ்வளவு சிரிக்கலாம் என்று யாராவது அளவு சொல்லித் தொலைத்தால் தேவலை. மச்சினி அவ்வளவுகூடச் சிரிக்க விடமாட்டாள், அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்தவள், வரும்போதே நாக்கையும் தீட்டிக்கொண்டு வந்தவள், சற்று முன்பு மருந்துக் கடைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டியபடியே, "மாமா, அக்கா இப்பதான் கண்ணசந்தா. காதைக் கழட்டி அந்த மெஷின்ல வெச்சிடாதீங்க" என்றாள், அத்தோடு விட்டாளா, வாசலிலிருந்து திரும்பி, "அந்த பெல் என்னாச்சு?" என்றும் கேட்டாள்.

பெல்... கருவிப் பெட்டியில் கிடக்கிறது, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அமுக்கும் அபாய மணி, கழற்றிய பழசுதான், ஆனால் நன்றாக அடிக்கும், இரண்டு கம்பி இழுத்துக் கட்டிலோரம் ஒரு பொத்தான் வைத்தால் முடிந்தது, வேறு எவன் வீட்டிலோ என்றால் டீ ஆறுவதற்குள் மாட்டியிருப்பார், மணி அடித்தால் ஓடுவதற்குத்தானே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினார், ஆனால் இங்கே நாளை, நாளை என்றே மாதங்கள் போயின, அவளுக்குக் குரல் நூலாகிவிட்டதால் எவர்சில்வர் தம்ளரில் ஸ்பூனால் தட்டிக் கூப்பிடுகிறாள், டங், டங், அதுவே போதும் என்று அவர்தான் சொன்னார், போதுமா? தம்ளர் சத்தம் என்றால் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், அபாய மணியை எவன் கேட்கவில்லை என்பான்... சே, அதற்காகவா, என்ன புத்தி இது, வேலை ஒழியவில்லை, அவ்வளவுதான்.

இடப்பக்கத் தட்டில் நேற்று வாங்கிய ரெக்கார்டை வைத்தார், இன்னும் ஒருமுறைகூடக் கேட்டிராதது, மூச்சு விடாதவருடையது. பெயரெல்லாம் அவள் வைத்ததுதான், இளவட்ட வயதிலிருந்து அவர் கேசட் கேசட்டாகத் தேய்த்த ராப் பாட்டுக்காரர்களுக்கெல்லாம் படுக்கையிலிருந்தே புதுப் பெயர் சூட்டிவிட்டாள், தணிந்த குரலில் அவசரமே இல்லாமல் பேசுகிறவர் வட்டிக்காரர், "பணம் எப்படியும் வந்துடும்னு தெரிஞ்ச குரல்ங்க அது", சளிப் பிடித்த மாதிரி பாடுகிறவர் மூக்கடைப்பு, வரிமேல் வரியாகக் கொட்டுகிறவர் மூச்சு விடாதவர், மெக்கானிக்குக்கு உயிர் வட்டிக்காரர், அவளுக்கு மூச்சு விடாதவர், "அந்த ஆள் எங்க மூச்சு எடுக்கறான்னு கண்டுபிடிக்கறதுதான் எனக்கு இப்ப உத்தியோகம்" என்றாள் ஒருநாள், சொல்லிவிட்டு அவளே மூச்சுக்குத் தவித்தாள், இரண்டு பேரும் சிரித்தார்கள், பிறகு அவர் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றார். ரெக்கார்டின் மறுபக்கத்தில் பேச்சு கிடையாது, மேளம் மட்டும் கடைசிவரை ஓடும், பழகுகிறவர்களுக்கு அந்தப் பக்கம்தான் வசதி, அதையே மேலே திருப்பி வைத்தார். அவள் விழித்திருந்தால், ஆள் எங்கே போனான் என்று கேட்பாள்.

முள்ளை வைத்தார், அவள் அறைச் சுவரையொட்டி நிற்கும் ஒலிபெருக்கியில் மேளம் தணிவாக எழுந்தது, வலத் தட்டில் வட்டிக்காரரின் மேளம், அது ஹெட்போனுக்குள் மட்டும், வழக்கம்போல ஒன்று முந்தியது, ஒன்று நொண்டியது, "ரெண்டு குதிரையும் முட்டிக்கிச்சா?" என்று உள்ளிருந்து கேட்பாளே, அந்த முட்டல், சாண் ஏறினால் முழம் சறுக்கும் பிழைப்பு, தட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தண்டை மயிரிழை நகர்த்தினார், போதவில்லை, இன்னும் மயிரிழை... அப்போதுதான் புது ரெக்கார்டில் ஒரு மணி வந்தது, டங், டங், அடடா, பழைய மேளங்களில் இப்படி ஒரு மாட்டுமணி வருமே, பிடித்துக்கொள்ளக் கயிறு கிடைத்த மாதிரி அதையே பிடித்துக்கொண்டார், கொஞ்சம் தடுமாறி அடித்தது, அவரும் தடுமாறினார், விரலால் தட்டின் ஓரத்தைத் தொட்டு வட்டிக்காரரை அந்த மணியின் நடைக்கு இழுத்தார், இழுத்தார்... சேர்ந்துவிட்டது. முதல் தடவை! இரண்டு மேளமும் ஒரே ஆளாக நடந்தன, கையை எடுத்தார், பிரியவில்லை, உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி, ஹெட்போன் பாட்டுக்குள் இறங்கி நின்றுகொண்டார், இந்த மூலை இதற்குப் போதாது, அந்த அறையில் சன்னலோரம் நீள மேசையாகப் போட்டால், கட்டிலை எடுத்த பிறகு, ஒலிபெருக்கி இன்னொன்றும் வாங்கி எதிரெதிரே... போன வாரம் அவள் தூங்கும்போது டேப்பை வைத்து அந்தச் சுவரை அளந்தது எதற்கு? எதற்கு அளந்தார்?

ஹெட்போனைக் கழற்றியபோது இரண்டு கைகளும் இரண்டு காதுகளுக்குப் போயின. வலது கிண்ணம் காதின்மேல் இருந்தது. எப்போது ஏறியது?

வீட்டில் மேளம் மட்டும் கேட்டது, மணி இல்லை. ஓடினார். அவள் பாதி கட்டிலிலும் பாதி வெளியிலுமாகச் சரிந்து கிடந்தாள், தம்ளர் கவிழ்ந்து போர்வை நனைந்திருந்தது, தண்ணீர் மட்டுமில்லை, வாந்தியும், ஸ்பூன் இன்னும் கையில். தூக்கிச் சாய்த்தார், இந்த உடம்பில் கனம் எங்கே போயிற்று, துடைத்தார், போர்வையை மாற்றினார், கை தானாகச் செய்தது.

"தட்டித் தட்டிப் பார்த்தேன்" என்றாள். "கை ஓஞ்சு போச்சு."

"கேக்கலம்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "குதிரை இன்னைக்கு முட்டலையே."

"முட்டல."

"நான் தட்டறதுக்குத் தகுந்த மாதிரியே போறீங்களேன்னு பார்த்தேன்."

"அது பாட்டுல வர்ற மணி" என்றார், வாய் முந்திக்கொண்டது. "அந்த ரெக்கார்டுலயே இருக்கு."

"அப்படியா?" நீளமாக ஒரு மூச்சு எடுத்தாள். "அந்த இடத்தை மறுபடி போடுங்க. கதவைத் திறந்து வெச்சிட்டு. நானும் கேக்கறேன்."

தம்ளரை நிமிர்த்தி, ஸ்பூனோடு அவள் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுத் தட்டுகளுக்குத் திரும்பினார், ஒரு ரெக்கார்டை மறுபடி போடுவதில் என்ன இருக்கிறது, முள்ளைத் தூக்கி விளிம்பில் வைத்தால் போயிற்று, ரெக்கார்டில் மணி இருந்தால் அவள் கூப்பிட்டது தன் காதில் விழவே இல்லை என்று ஆகும், இல்லாவிட்டால் விழுந்திருக்கிறது, விழுந்தும் அதற்கு ஏற்றபடி தாளம் சேர்த்துக்கொண்டு நின்றிருக்கிறான் ஒருவன், இந்த இரண்டில் எதற்காக வேண்டிக்கொள்வது, எவன் சொல்வான், மச்சினி வருவதற்குள் முள்ளை ஒடித்துவிட்டால்... முள்ளை வைத்தார். ஹெட்போனைத் தொடவில்லை, இரண்டு காதும் வெளியே. மேளம் எழுந்தது, சுற்றியது, அந்த இடம் நெருங்கியது.

டங்.

வலப்பக்கத்திலிருந்துதான் வந்தது, ஒலிபெருக்கியும் அந்தப் பக்கம், அவளும் அந்தப் பக்கம். டங். கொஞ்சம் தடுமாறி. கதவு திறந்துதான் இருந்தது, தலையைத் திருப்பினால் போதும், ஸ்பூன் அவள் கையில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.