யாரோ ஒருத்தியின் பட்டு

கண்ணீர் அஞ்சலி பேனரின் இரண்டாவது முனையை கோபி கம்பத்தில் கட்டும்போது, அவன் அக்கா கலைப்பிரியா ஏணியைப் பிடித்து உலுக்கினாள்.

"இறக்குடா."

"ஏன்க்கா, பேர்ல எதுனா தப்பா?"

"இது யாரு உடம்பு?"

முகம் அம்மா தையல்நாயகியுடையதுதான். கழுத்துக்குக் கீழே யாரோ ஒருத்தி பச்சைப் பட்டும் காசுமாலையுமாகக் கைகோத்து உட்கார்ந்திருந்தாள். திண்டிவனத்து ஸ்டுடியோக்காரர் செத்துப்போன பொம்பளைகளுக்கெல்லாம் ஒட்டும் உடம்பு.

கலைப்பிரியா அனுப்பியது வேறு படம். போன மாதம் விழுப்புரத்தில் மூத்தோர் நடைப்போட்டியில் அம்மா கோட்டைத் தாண்டியபோது எடுத்தது. டிராக் பேண்ட், நெஞ்சில் குத்திய எண். அதற்கு முந்தின வருடம் கூட்டத்தில் யாரோ சிரித்தார்களென்று அம்மா பாதியில் நின்றுவிட்டாள். மறுநாள் விடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு, "அடுத்த தபா முடிக்காம வரமாட்டேன்டி" என்றாள். வருடம் முழுக்க நடந்தாள். முடித்தாள், கடைசி ஆளாக.

"அந்தக் கோலத்த ஊரு பாக்கணுமா?" என்றாள் செண்பகம் அத்தை. "பேண்ட்ட மாட்டிக்கினு நடந்து நடந்துதான் உசுர வுட்டா."

"தூக்கத்துல மூளையில ரத்தக்குழா வெடிச்சிச்சு. டாக்டரு சொன்னப்ப நீயும் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்த, அத்த."

அப்பா பச்சைமுத்து நாற்காலியை விட்டு எழவில்லை. "நான்தான் மாத்தச் சொன்னேன். சுமங்கலியா போறா. பட்டு கட்டுனாத்தான் மரியாதி."

"உசுரோட இருக்கச்ச ஒரு பட்டு எடுத்துக் குடுத்திருக்கியாப்பா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கலைப்பிரியா ஸ்டுடியோவுக்குப் போன் போட்டாள். "தலைய வெட்டாதீங்க. ஷூ வரைக்கும் தெரியணும்."

"பேனரு ஒசரமா ஒடுக்கமாத்தான் வரும்மா. ரெண்டு கம்பத்துக்கும் எட்டாது."

"நீங்க போடுங்க."

புது பேனர் வந்தபோது அம்மாவை அமரர் ஊர்தியில் ஏற்றியாகிவிட்டது. கோபி யாரையும் கேட்காமல் அதை வண்டியின் முகப்பில் கட்டினான். அப்பா வேறு பக்கம் பார்த்தார்.

வண்டி நகர்ந்தது. தெருமுனை வந்ததும், வழக்கம்போலப் பெண்கள் நின்று திரும்பினார்கள். பின்னாலிருந்து பார்க்க பேனரின் வெள்ளை ஓரம் மட்டும் தெரிந்தது.

"ஏய், எங்கடி போற?" என்றாள் அத்தை.

கலைப்பிரியா புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நடையை எட்டிப் போட்டு வண்டியைத் தாண்டி முன்னால் போனாள்.