முந்திரிகைத் தோட்டம்

துஷ்யா போட்ட நிபந்தனை ஒன்றுதான். அப்பா தனியாகக் கென்ட் பக்கம் போய், கடற்கரையால் சுற்றி, யாருடைய துணையும் இல்லாமல் மோர்டன் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். வந்தால் கார் அவரிடமே இருக்கும். இல்லையென்றால் விற்றுவிட வேண்டும்.

கணேசலிங்கத்துக்கு எழுபது வயது. போன மாதம் விம்பிள்டன் கோயிலில் இருந்து வீட்டுக்கு வர, கால் மணிநேர ஓட்டத்துக்கு அவருக்கு ஒன்றரை மணிநேரம் பிடித்தது. தெருவை மூடியிருந்தார்கள் என்று சொன்னார். அது உண்மை. ஆனால் மகள் நம்பவில்லை. அவரும் தன்னை முழுதாக நம்பவில்லை.

கென்டில், டென்டர்டனுக்குப் பக்கத்தில், சரிவு முழுக்கக் கொடிகள் நிரை நிரையாக நின்றன. செப்டம்பர் வெயிலில் ஆட்கள் குலைகளை வெட்டிப் பெட்டிகளில் போட்டார்கள். அவர் காரை ஓரமாக நிறுத்தி வீட்டுக்கு அழைத்தார். நிற்கும் இடமெல்லாம் அழைக்க வேண்டும் என்பது பேச்சு. துஷ்யா ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தாள். மருமகன் வெங்கடாசலம் எடுத்தார். காரைக்குடிக்காரர்.

"எங்க மாமா இருக்கீங்க?"

"முந்திரிகைத் தோட்டத்திலை நிக்கிறன், தம்பி."

"எங்க?"

"முந்திரிகைத் தோட்டம். வெட்டுகினம். பிறகு வைன் வடிப்பினமாம்."



"மாமா, முந்திரியில சாராயம் இறக்குறது கோவால."

"கோவாவோ? இது கென்ட்."

"இங்கிலாந்துல முந்திரி மரமே கிடையாது மாமா."

"மரமெண்டு ஆர் சொன்னது? கொடி."

"கொடியில முந்திரியா?" குழந்தையிடம் பேசுவதுபோல மருமகனின் குரல் மெதுவானது. "மாமா, காரை எடுக்காதீங்க. அங்கேயே உக்காருங்க. நான் வந்து கூட்டிட்டு வர்றேன்."

அவர் உட்கார்ந்தார். மருமகன் வந்தால் கார் போய்விடும். ஆனால் வெங்கடாசலம் விஷயம் தெரிந்தவர், வீண் வார்த்தை பேசாதவர். அவரே அப்படி ஒன்று கிடையாது என்றால்?

எழுந்து போய், கீழே விழுந்து கிடந்த பழம் ஒன்றை எடுத்துத் துடைத்து வாயில் போட்டார். புளித்தது. முந்திரிகைதான். ஆனாலும் அந்தச் சொல்லை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். காரை எடுக்கவில்லை.

கால் மணிநேரம் கழித்துத் துஷ்யா அழைத்தாள். சிரிப்பில் பேச்சு வரவில்லை.

"அப்பா, அவரிட்டை என்ன சொன்னனியள்?"

"முந்திரிகைத் தோட்டத்திலை நிக்கிறன் எண்டு. பிழையே?"

"அவையின்ரை ஊரிலை முந்திரி எண்டா கஜு."

"கஜுவோ?"

"கஜுதான். மனிசன் காலிலை சப்பாத்தும் போட்டிட்டு நிக்குது. நான் இப்ப வீட்டுக்குப் போன் எடுத்திராட்டி ரயில் ஏறியிருப்பார்."

"அப்ப இதுக்கு அவை என்ன சொல்லுறது?"

"திராட்சை."

"கோதாரி. அது எனக்கும் தெரிஞ்ச சொல்லுத்தானே." அவர் மூச்சு விட்டார். "அப்ப நான் அங்காலை போகலாமோ, பிள்ளை?"

"போங்கோ அப்பா. கடலைப் பாத்திட்டு வாங்கோ."

றை நகரத்தைத் தாண்டினார். ஒருபக்கம் புல்வெளியில் செம்மறிகள் மேய்ந்தன. அடுத்த மேட்டில் ஏறியதும் கடல் தெரிந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினார். ஹேஸ்டிங்ஸில் காரை நிறுத்தி, சிப்ஸ் வாங்கித் தின்றபடி அழைத்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மாமா," என்றார் வெங்கடாசலம்.

"இல்லைத் தம்பி. கஜுவிலை வடிச்சது கிடைச்சா உங்களுக்கு ஒரு போத்தல் கொண்டு வாறன்."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"கடற்கரையிலை. இதுக்கு உங்கட ஊரிலையும் கடற்கரைதானே?"

"அதேதான் மாமா. அதேதான்."

ஆறு மணிக்கு மோர்டனுக்கு வந்தார். வழியில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டிருந்தார். அடுத்த ரவுண்டபௌட்டில் திரும்பி வந்து சேர்ந்துகொண்டார்.

துஷ்யா வெளியே வந்து காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். சாவியைக் கேட்கவில்லை.

"சனிக்கிழமை எனக்கு விடிய ஷிப்ட். கொண்டுபோய் விடுவியளோ, அப்பா?"

"ஓம்," என்றார்.