மேனேஜர் மட்டும் பார்த்த மெத்தை

சீனாவின் செங்டு நகரத்து மெத்தைக் கடை ஒன்றில் மேனேஜர் பெங்குக்குத் தினமும் காலையில் ஒரே பாட்டுதான். "எல்லாரும் அவங்கவங்க வீசாட்ல விளம்பரம் போட்டாச்சா?"

அந்தச் செயலியில் கடையின் கணக்கில் இல்லை, ஊழியர்களின் சொந்தக் கணக்கில். விற்பனைப் பெண் லுவோ ஷின்னுக்கு அது வேப்பங்காய். சித்தியும் பள்ளித் தோழிகளும் இருக்கிற இடத்தில் தினம் மெத்தை விரித்தால் யார் முகம் கொடுத்துப் பேசுவார்கள்? 'பெங் மட்டும் பார்க்கலாம்' என்று குறித்துவிட்டுப் போட்டாள். மேனேஜர் குளிர்ந்துபோய் தினம் லைக் போட்டார்.

ஒருநாள் அவர் கடையின் வரவு செலவைப் பார்க்கும் தன் மனைவி ரோங்கிடம், "ஷின் எவ்வளவு அழகா எழுதியிருக்கா, பாரு" என்றார். ரோங்கின் போனில் ஷின் போட்ட பூனைப் படம்தான் இருந்தது. குட்டு உடைந்தது. மறுநாளே ஷின்னின் வேலை போயிற்று.

ஷின் அழுதாள். அந்தக் கடையை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும், மெத்தையைப் படுத்துப் பார்க்க வந்து குறட்டை விடும் கிழவர்கள் உட்பட. அழுது முடித்துத் தொழிலாளர் நடுவர் மன்றத்துக்குப் போனாள்.

விசாரணைக்குப் பெங் மனைவியையே சாட்சியாக அழைத்து வந்து, நடுவர் அம்மாளிடம் முறையிட்டார்.

"இவ போன்ல ஷின்னோட விளம்பரம் ஒன்னுகூட இல்லம்மா. நானே என் சொந்தக் கணக்குல தினம் போடறேன். தலைமை அலுவலக டைரக்டரே லைக் போடறாரு."

பேச்சு வேகத்தில் வாய் முந்திவிட்டது. ஷின் புருவத்தைச் சுருக்கினாள். பெங்கின் வீசாட் நட்பில் அவளும்தான் இருக்கிறாள், ஒரு மெத்தை விளம்பரமும் பார்த்ததில்லை.

"அண்ணி, மேனேஜர் போட்டது உங்க போன்ல வந்திருக்கா?"

ரோங் தேடினாள். "மீன் பிடிச்ச படம் இருக்கு. இன்னொரு மீன். அத்தையோட பொறந்தநாளு..." நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். "மெத்தையக் காணோமே. டைரக்டருக்கு மட்டுமாங்க?"

பெங் தன் போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

நடுவர் அம்மாள் சிரிப்பை டீயோடு விழுங்கினார். "சொந்தக் கணக்கு அவங்கவங்களுது. அதுல என்ன போடணும், யாருக்குக் காட்டணும்னு கடை உத்தரவு போட முடியாது. வேலைய விட்டு நீக்கினது செல்லாது. உங்களுக்கும் சேத்துதான் சொல்றேன், மேனேஜர்."

வெளியே வந்ததும் பெங் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு வேலைக்கு வந்துடு ஷின்."

"விளம்பரம்?"

"அந்தப் பேச்சே வேணாம், தாயே."

ஷின்னுக்குக் கால் தரையில் பாவவில்லை. ரோங் இருவரையும் ஹாட்பாட் கடைக்கு இழுத்துப் போனாள். மேசையில் கொதித்த மிளகாய்க் குழம்பின் காரத்தில் வியர்த்து உட்கார்ந்திருந்த பெங்கை ஷின் படம் எடுத்தாள்.

"இத யாரெல்லாம் பாப்பாங்க?"

"எல்லாரும்."

பெங் காலரைச் சரிசெய்துகொண்டு, "அப்ப இன்னொன்னு எடு" என்றார்.