அனுசியாவுக்குத் தரை ஆடுகிறது

...சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதில்கூட அவளுக்கு ஓர் அழகு வந்துவிடுகிறது, நாலு விரல் நுனி மட்டும் சுவரில் படும்படி வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, போட்டோவுக்கு நிற்கிற கல்யாணப்பெண் மாதிரி மெதுவாக வருகிறாள் அனுசியா, போன ஐப்பசியில் எனக்குச் சிக்கன்குனியா வந்து இதே சுவரைப் பிடித்து நடந்தபோது யார் பார்த்தார்கள், பார்த்தவர்களும் 'செல்வி, உலையில அரிசியப் போட்டுட்டியா' என்றுதான் கேட்டார்கள்... மணி நாலாகப் போகிறது, நான் வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்துக்கொண்டு நிற்கிறேன், அத்தை அவள் முழங்கையைத் தாங்கிக் கொண்டுவந்து விடுகிறாள், ரெங்கம்மாள் என்றால் எங்கள் தெருவே கொஞ்சம் ஒதுங்கித்தான் போகும், அப்பேர்ப்பட்ட மாமியார் குனிந்து சின்ன மருமகளின் செருப்பை எடுத்துக் காலுக்கு நேராகப் போடுகிறாள், பத்தொன்பது வருஷத்தில் என் செருப்பு எங்கே கிடக்கிறது என்றாவது அவளுக்குத் தெரியுமா, தெரியும், குறுக்கே கிடந்தால் தெரியும். "பாத்து மெதுவா ஓட்டுட்டி, பின்னால புள்ள இருக்கு" என்கிறாள் என்னிடம். முப்பத்தொரு வயதுப் புள்ள. சரி அத்தை என்றேன். இன்றோடு பன்னிரண்டாவது நாள், தினமும் நாலு மணிக்கு என் கொழுந்தன் பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு தென்காசியிலிருந்து குற்றாலம் போய், இலஞ்சி வழியாகச் சுற்றி வீடு திரும்புகிறேன், வண்டி ஓடும்போது மட்டும்தான் அவளுக்குத் தரை ஆடுவதில்லை.

கப்பலில் போய்விட்டு வந்தால் தரை ஆடும் என்று யார் கண்டது... பெயின்ட் கம்பெனிக்காரன் கொடுத்த டூர் அது, எங்கள் கடையில் சரக்கு நன்றாகப் போனதற்காக, சென்னையில் ஏறினால் இலங்கை போய்த் திரும்ப ஐந்து நாள், ஒரு ஜோடிக்கு. கடை என் வீட்டுக்காரர் குற்றாலீஸ்வரன் பேரில் இருக்கிறது, அவர் அண்ணன், தேவா தம்பி, ஆகவே முறைப்படி என்னைத்தான் முதலில் கேட்டார், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "ஏட்டி, கப்பல்ல போவமா?" என்று. நான் என்ன சொன்னேன்... எனக்கென்ன கப்பலும் கிப்பலும், சின்னஞ்சிறுசுகள் போய்விட்டு வரட்டும் என்றேன். அப்படித்தானே சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய், காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்போம், மறுபடி கேட்டால் இப்போதுதான் குடித்தேன் என்போம், மூன்றாம் தடவை டம்ளரே கைக்கு வந்துவிடும், வாங்கிக் குடிப்போம், இதைப் பச்சைப்பிள்ளைக்குக்கூட யாரும் சொல்லித் தருவதில்லை. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டே இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தேன், கரண்டியைச் சட்டிக்குள் விட்டு எடுக்கிற நேரம்கூட ஆகியிருக்காது, "சரிக்கா, தேங்க்ஸ்க்கா" என்றுவிட்டாள் அனுசியா. போலீஸ்காரர் மகள், குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக ஊர் ஊராய் வளர்ந்தவள், வேண்டுமென்றால் வேண்டும் என்பாள், அவளை விடுங்கள், இவர்? என்னோடு பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணுகிற மனுஷன், சும்மா சொல்லாதே, கிளம்பு என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை... மோர் ஊற்று என்றார். அவருக்கும் கடையை விட்டுப் போக மனமில்லை, நான் வேண்டாம் என்றது அவருக்குச் சௌகரியமாகப் போயிற்று. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் என் பாஸ்போர்ட் இருக்கிறது, துபாயில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகலாம் என்று எடுத்தது, ஒரு முத்திரைகூட விழாமல் அடுத்த தை மாதத்தோடு முடிகிறது. அனுசியாவிடம் பாஸ்போர்ட்டே கிடையாது, அவசரத்துக்குத் தத்காலில் எடுத்தாள், விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கு நான்தான் காப்பி போட்டேன், அவர் வேண்டாம் என்றார், நான் மூன்று தடவை கேட்டுத்தான் கொடுத்தேன்.

மேலகரம் தாண்டியதும் சாரல் முகத்தில் விழ ஆரம்பித்துவிட்டது, ஆனி கடைசி, சீசன் நன்றாக இருக்கிறது, பின்னால் இவள் என் இடுப்பைப் பிடித்திருக்கிறாள், இந்தக் கை எத்தனை போட்டோவில் என்னென்னவெல்லாம் பிடித்திருந்தது, கப்பல் கம்பியை, குடை சொருகிய ஜூஸ் டம்ளரை, தேவாவின் தோளை... நீலத்தில் ஒரு நீளக் கவுன், அதைப் போட்டுக்கொண்டு இங்கே தெருவில் நடக்க முடியுமா, கடலில் நடந்திருக்கிறாள். ஐந்து போட்டோ வந்ததும் நின்றுவிட்டது, குடும்ப குரூப்பில் எல்லாரும் அடுத்தது எங்கே அடுத்தது எங்கே என்று கேட்க நான் மட்டும் கேட்கவில்லை, அப்புறம்தான் தெரிந்தது, இரண்டாம் நாள் கடல் கொந்தளித்து இவள் வாந்தியெடுத்துப் படுத்தவள்தான், மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லையாம், இலங்கையில் இறங்கவே இல்லையாம், பாத்ரூம் கூரையைத்தான் பார்த்தேன் என்றாள். உண்மையைச் சொன்னால் என்ன, எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன். ஆனால் அந்தச் சந்தோஷத்தையும் இருக்க விட்டார்களா, வந்து இறங்கியதும் தரை ஆடுகிறது என்றாள், குளிக்கும்போது ஆடுகிறது, நின்றால் ஆடுகிறது, படுத்தால் கட்டில் ஆடுகிறது என்றாள், உடனே வீடு முழுக்க அவளைச் சுற்றிக்கொண்டது, பார்க்க வருகிறவர்களெல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து முதலில் உடம்பை விசாரித்துவிட்டு அப்புறம் கப்பலை விசாரித்தார்கள், அவள் இரண்டையும் சொன்னாள். சீக்குக்கூடப் பாருங்கள், எனக்கு வந்தால் கொசுவில் வருகிறது, அவளுக்கு வந்தால் கப்பலில் வருகிறது.

டாக்டர் சொன்னதை நான் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான்... வேண்டாம், ரோட்டைப் பார்ப்போம், கேரளா வண்டி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே வருகிறது, ஓரத்தில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருக்கிறார்கள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஈரத்தோடு நடக்கிற கூட்டம், எல்லாரும் வெளியூர்... தேவாவுக்குக் கடையில் லோடு இறங்குகிற நாள் என்பதால் பாளையங்கோட்டை டாக்டரிடம் நான்தான் கூடப் போனேன், காரில் போகிறபோதே இவள், அக்கா இப்ப ஆடலக்கா, ஆடலக்கா என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. இவளைக் காது பரிசோதிக்க உள்ளே அனுப்பிவிட்டு டாக்டரம்மா என்னிடம் சொன்னது என்ன, மூளை கடலுக்குப் பழகிவிட்டது, திரும்பத் தரைக்குப் பழக வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒன்று, வண்டியில் வைத்துச் சுற்றாதீர்கள், ஓடும்போது சுகமாக இருக்கும், இறங்கினால் கூடும், சுற்றச் சுற்ற நாள் இழுக்கும், தரையில் நடக்கச் சொல்லுங்கள் என்றது. நான் நன்றாகத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து என்ன சொன்னேன், வண்டியில் போனால் நல்லதாம் அத்தை என்றேன். பாதியைச் சொன்னேன், பாதியை விழுங்கிவிட்டேன், நாக்கு எப்படித் திரும்பியது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அவள் ஆடட்டும் என்று நினைத்தேனா, நினைத்தேன், இல்லை என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும், நீ அனுபவித்தாய் அல்லவா, அனுபவி என்று நினைத்தேன்... இருபது நாளாகச் சுவரைப் பிடித்து நடக்கிற ஒரு பெண்ணிடம் செய்கிற காரியமா இது, செய்தேன், பன்னிரண்டு நாளாகச் செய்கிறேன்.

ஆனால் நாலு மணியாகிறது என்றால் மூன்றிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்வதில்லையே, அது ஏன்... அத்தை வாயாலேயே கூட்டிக்கொண்டு போ என்று சொல்லி, சாயங்காலக் காப்பியை அத்தையே போட்டு, வாசல் தெளிக்கிறவள் வந்தாளா, இவருக்கு டிபன் கடைக்குப் போயிற்றா என்று யாரும் என்னைத் தேடாமல், ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம். முதல் இரண்டு நாள் தலையை ஒழுங்காகக்கூட வாரவில்லை, மூன்றாம் நாள் நல்ல சேலையாக எடுத்துக் கட்டினேன். சாரல் விழுந்தால் நனைவேன் என்று இவர் ரெயின்கோட் வாங்கித் தந்தார், டிக்கியிலேயே கிடக்கிறது, நனைகிறேன். நின்றால் இவள் கை இறுகும், ஆட ஆரம்பித்துவிடும், அதனால் நிற்காமல் போகிற வழி எது, எந்த நேரத்தில் எந்த இடத்தில் கூட்டம் என்று படித்து வைத்திருக்கிறேன், மெயினருவிப் பக்கம் திரும்பாமல் ஐந்தருவி ரோட்டைப் பிடித்துவிடுவேன், நிற்காமல் போவது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று இவளுக்காகப் போவதுபோல் போய்க்கொண்டே இருப்பேன். பின்னால் உட்கார்ந்து கப்பலைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று முதலில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், சொல்லமாட்டாள், பேசாமல் வருவாள், சில நாள் தலையை என் முதுகில் வைத்துக்கொள்வாள், அது எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்றைக்கு நின்றுதான் ஆக வேண்டியிருந்தது, மதுரைப் பக்கத்து வேன் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே திருப்ப முடியாமல் மாட்டிக்கொண்டு, முன்னால் காரும் பின்னால் பஸ்ஸும், காலைத் தரையில் ஊன்றிக்கொண்டேன், இப்போது இறுகும், இப்போது இறுகும் என்று இடுப்பில் அவள் கைக்காகக் காத்திருக்கிறேன், கொஞ்சம் ஆடட்டுமே என்று ஒரு மனசு, ஐயோ பாவம் என்று ஒரு மனசு... இறுகவில்லை. கை லேசாக இருந்தது, ஒரு விரலால் என் சேலையில் ஏதோ தாளம் தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன், குரங்கு ஒன்று யார் கையிலிருந்தோ சிப்ஸ் பாக்கெட்டைப் பறித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், முழுச் சிரிப்பு, தலை நேராக நின்றது. வேன் நகர்ந்து, நாங்களும் நகர்ந்து, ஐந்தருவி ரோட்டில் கூட்டம் குறைந்து, இலஞ்சித் தென்னைகள் தெரிகிறவரை நான் கேட்கவில்லை.

"ஆடலையாட்டி?"

"மூணு நாளா ஆடலக்கா" என்றாள்.

மூன்று நாள்... டாக்டரம்மா சொன்னது பலிக்கவில்லை, நான் விழுங்கியதும் பலிக்கவில்லை, இத்தனை சுற்றியும் அவள் பாட்டுக்கு நன்றாகிவிட்டாள், நான் நினைத்த கெட்டதுகூட அவளிடம் போய் ஒன்றும் ஆகமாட்டேன் என்கிறது, எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. நல்ல வேளை என்று தோன்றியதா, தோன்றியது, அதற்கு முன்னால் இன்னொன்று தோன்றியது, அதைத்தான் சொல்ல வேண்டும், நாளைக்கு நாலு மணிக்கு நான் எங்கே போவேன் என்று தோன்றியது. முருகன் கோவில் முன்னால் வண்டி மெதுவாகிவிட்டது, நானாகக் குறைத்தேனா தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்றேன், குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்திருக்கும்.

"சொன்னா நாளைக்கு வண்டி கெடையாதுல்லக்கா" என்றாள், காப்பிக்குச் சீனி போதவில்லை என்பதுபோல, அவ்வளவு சாதாரணமாக. "எனக்கு இது பிடிச்சிருக்கு."

எப்படிச் சொல்கிறாள் பாருங்கள், பிடித்திருக்கிறது என்று, வேண்டும் என்று, வெட்கமில்லாமல், பயமில்லாமல், கேட்டது கிடைத்துப் பழகிய வாய்... நான் பன்னிரண்டு நாளாக நெஞ்சுக்குள் மூடி வைத்து, பொறாமை என்றும் பழி என்றும் வேறு வேறு பேர் வைத்துப் பார்த்த ஒன்றை, இவள் பின்சீட்டில் உட்கார்ந்து இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டாள். கப்பல் இல்லை, நீலக் கவுன் இல்லை, இலங்கையாவது ஒன்றாவது, அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சரிக்கா என்று சொன்னாளே, அந்த வாய்தான், அந்த வாயைப் பார்த்துத்தான் எனக்கு இத்தனை நாளாக எரிந்திருக்கிறது. டாக்டர் சொன்ன மீதிப் பாதியை இப்போதே சொல்லிவிடலாம், மன்னிச்சுக்கோட்டி என்று ஒரு வார்த்தை, வாய்க்கு வந்தது, நெல்வயலைத் தாண்டினோம், பள்ளிக்கூடத்தைத் தாண்டினோம், வாயிலேயே இருந்தது. தென்காசிக்குள் நுழைந்தபோது அவள் என் தோளில் கையை வைத்தாள், பிடிப்பதற்காக இல்லை, சும்மா.

அத்தை வாசலில் நின்றாள், கையில் சுக்குக் காப்பி, அனுசியாவுக்குத்தான். வண்டி நின்றதும் அவளைக் கேட்காமல் என்னைக் கேட்டாள், தினமும் என்னைத்தான் கேட்பாள், சீக்கு விஷயத்தில் நான்தான் அந்த வீட்டுக்குப் பெரிய மனுஷி, "இன்னைக்கு எப்படிட்டி இருக்கு?" என்று. அனுசியா இறங்கி நின்றாள், எதையும் பிடிக்காமல் ஒரு நொடி நேராக நின்றுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், சொல்லப்போவது நீங்கள்தான் என்பதுபோல. அவள் சொல்லமாட்டாளா, எல்லாவற்றையும் சொல்கிறவள் இதைமட்டும் ஏன் என்னிடம் விடுகிறாள், அவளுக்கு எவ்வளவு தெரியும், பாளையங்கோட்டையில் காது பரிசோதித்த அறையின் கதவு பாதிதானே சாத்தியிருந்தது... வண்டியை ஸ்டாண்டு போட்டேன், சேலை முந்தானையைப் பிழிந்தேன், அத்தை காத்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னும் நாலு நாளு வண்டியில கூட்டிட்டுப் போவணும் அத்தை" என்றேன்.

சரி கூட்டிட்டுப் போ என்றுவிட்டாள் அத்தை, ஒரே தடவையில், ஏன் எதற்கு என்று ஒரு கேள்விகூட இல்லை, இவ்வளவு சுலபமாகவா கொடுப்பார்கள், கேட்டால் கொடுத்துவிடுவார்களா... நாலு என்று ஏன் சொன்னேன், பத்து என்று சொல்லியிருக்கலாம், பத்தும் கொடுத்திருப்பாள், வாயைத் திறந்து கேட்கும்போதுகூட நான் குறைத்துத்தான் கேட்கிறேன்.