கரி ஒட்டின இடம்

பர்மிங்ஹாமில் ஒரு வேட்டைத் துப்பாக்கி உருவாக வேண்டுமென்றால், அது பட்டறை பட்டறையாக ஊர் சுற்றி எல்லார் வாயிலும் ஏச்சு வாங்க வேண்டும். குழல்காரன் விசைப்பெட்டிக்காரனைத் திட்டுவான், அவன் கட்டைக்காரனைத் திட்டுவான், எல்லாரையும் கடைசியில் சித்திரம் செதுக்குகிறவன் திட்டுவான். அப்படியும் துப்பாக்கி என்னவோ அழகாகத்தான் வந்து தொலைக்கும்!

ஏமஸ் கட்டைக்காரன். சைலஸ் பார்டோ செய்துதரும், சுடும் விசை அடங்கின இரும்பு விசைப்பெட்டியை வால்நட் கட்டைக்குள் குடைந்து உட்கார வைப்பது அவன் வேலை. சைலஸின் மகள் லெட்டிஸைக் கட்டிக்கொள்வது அவன் ஆசை. கிழவரோ லேசில் மசிகிற ஆள் இல்லை.

"மரத்தூள் தின்னுற பயலுக்கு என் பொண்ணா? என் இரும்பு அவன் கட்டையில ஒரு குறையில்லாம உக்காரட்டும், அப்புறம் பேசுறேன்" என்று பீர்க்கடையில் மேசையைக் குத்திச் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு ஏமஸ் உயிரைக் கொடுத்து வேலை செய்தான். விளக்குச் சுடரில் இரும்பைக் காட்டிக் கரி பிடிக்க வைப்பான், கட்டைக்குள் அழுத்துவான், எடுத்துப் பார்ப்பான். கரி ஒட்டின இடம்தான் இரும்பு தொடுகிற இடம். அங்கே உளியால் ஒரு சீவல், மறுபடியும் கரி. குடைந்த பள்ளம் முழுக்க ஒரே கறுப்பாக வந்துவிட்டால் பொருத்தம் கச்சிதம். அதற்குள் அவன் கையும் மூஞ்சியும்கூட அதே கறுப்பாகிவிடும்.

சாயங்காலம் லெட்டிஸ் தேநீர் கொண்டுவந்த நேரம் பார்த்து அது வந்தேவிட்டது. கரி படாத இடம் ஒரு பொட்டுகூட இல்லை!

"லெட்டி, ஜெயிச்சுட்டோம்டி!"

இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. படிக்கட்டில் சைலஸின் செருமல் கேட்டபிறகுதான் விலகினார்கள்.

கூடவே சித்திரம் செதுக்குகிற ஜேபெஸும் வந்தார். சைலஸ் கட்டையை ஜன்னலோரம் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் திருப்பினார். குறை கிடைக்காத வருத்தம் முகத்திலேயே தெரிந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்று பல்லைப் பிடுங்கினதுபோல் சொல்லிவிட்டுத் திரும்பினவர், மகளைப் பார்த்தார். மூக்கில் கரி. உதட்டில் கரி. வலது கன்னத்தில் நாலு விரல் கரி.

ஏமஸ் அவசரமாக விளக்கைக் கைகாட்டினான்.

"அது... விளக்கு புகைஞ்சுது ஐயா..."

"வாயை மூடு! நாப்பது வருஷமா கரி பாக்குறவன்கிட்டயா கதை விடுற?"

"கரி பொய் சொல்லாதுன்னு நீங்கதானேப்பா தினம் சொல்லுவீங்க?" என்றாள் லெட்டிஸ்.

ஜேபெஸ் கெக்கெக்கென்று சிரித்தார். "சொல்லுப்பா சைலஸ். கரி பொய்யின்னா இந்தத் துப்பாக்கியும் பொய்யா?"

கிழவர் மாட்டிக்கொண்டார். ஆனாலும் விடுவாரா? விளக்கைத் தூக்கி மகள் முகத்தருகே பிடித்து, ஒரு குறை கிடைக்காதா என்று தேடினார். கிடைத்தே விட்டது.

"இடது கன்னம் வெள்ளையா இருக்கு! பொருத்தம் பத்தாது."

"பத்தலேன்னா என்ன செய்யணும்?" என்று ஜேபெஸ் ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டார்.

"இதென்ன கேள்வி? மறுபடி கரியைப் பூசி, மறுபடி அழுத்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் லெட்டிஸ் இடது கன்னத்தை ஏமஸ் பக்கம் திருப்பிவிட்டாள்.