என் பெயரில் போன மண்ணீரல்

சுகப்பிரியாவின் மண்ணீரலை எடுத்தது என் பெயரில். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இன்றைக்கும் 'ஜாஸ்மின், வயது 23, தந்தை பெயர் சாம்சன்' என்றுதான் இருக்கிறது. ஜாஸ்மின் நான்தான். என் மண்ணீரல் என் வயிற்றுக்குள் பத்திரமாக இருக்கிறது.

இது எப்படி என்று கேட்பவர்களுக்கு எங்கள் பிழைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரகடத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனி. லைனில் நிற்கும்போது தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், கழுத்திலிருந்து முழங்கால் வரை நீலக் கோட்டு. கண் மட்டும்தான் வெளியே தெரியும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு லேசில் லீவு தரமாட்டார்கள். ஊருக்குப் போக வேண்டுமென்றால் நம் அடையாளக் கார்டை இன்னொருத்தி கழுத்தில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வடக்குப்பட்டில் எங்கள் ஹாஸ்டலில் இருக்கும் அத்தனை பேரும் செய்தது இது. சூப்பர்வைசர் இளம்பரிதிக்கும் தெரியும். "லைன்ல ஆளு நின்னா போதும், மூஞ்சி யாருதுன்னு நான் இன்னாத்துக்குப் பாக்கப் போறேன்" என்று அவனே சொல்லுவான்.

போன வருஷம் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் அசனம். ஊர் முழுக்கக் கோயிலில் கூடி ஒரே பந்தியில் சாப்பிடுகிற பண்டிகை. சாத்தான்குளம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அதை விட மனசு வராது. நான் இரண்டு வருஷமாகப் போகவில்லை. என் அறைத் தோழி சுகப்பிரியா அப்போது கான்ட்ராக்ட் முடிந்து அடுத்த வேலைக்குக் காத்திருந்தாள். ஆலங்குளத்துக்காரி. மூன்று நாளைக்கு என் கார்டை அவளிடம் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் காலை பதினொன்றரைக்கு அவள் மேல் சுமை தூக்கும் போர்க்லிஃப்ட் மோதியது. அந்த வண்டி பின்னால் வரும்போது ஹாரன் தானாக அடிக்க வேண்டும். இரண்டு வாரமாக அடிக்கவில்லை. லைனில் இருந்தவர்கள் மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். வண்டியை ரிப்பேருக்கு விட்டால் லோடு நின்றுபோகும் என்று அப்படியே ஓட்டினார்கள். சத்தமில்லாமல் வந்து அவளை ரேக்கோடு சேர்த்து நசுக்கியது. இடது விலா உடைந்து உள்ளே மண்ணீரல் கிழிந்துவிட்டது. அந்த நேரத்தில் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸில் பெயர் கேட்டிருக்கிறார்கள். வயிற்றுக்குள் ரத்தம் ஓடுகிறது, கண் செருகுகிறது, அப்போதும் இவள் "ஜாஸ்மின்" என்று சொல்லியிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடுமாம். பைத்தியக்காரி. சாகப் போகிற நேரத்தில் எவளாவது சிநேகிதியின் வேலையை நினைப்பாளா? அதை நினைக்கும்போதெல்லாம் அவளை அறையலாம் போல வருகிறது. அப்புறம் அழுகை வருகிறது.

மறுநாள் காலை அவள் அப்பா ஆறுமுகநயினார் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். ராத்திரி முழுக்க ரத்தம் ஏற்றியும் உள்ளே கசிவது நிற்கவில்லை, உடனே ஆபரேஷன், தகப்பன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கார்டில் தகப்பன் பெயர் சாம்சன். இளம்பரிதி அவரை ஓரமாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். அவர் நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்று, 'சாம்சன்' என்று எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கூத்து. பதினோரு நாள் அவள் ஜாஸ்மினாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆபரேஷன் ஆன ஜாஸ்மின் வேலைக்கு வரக்கூடாது என்பதால் கல்லுக்குண்டு மாதிரி இருந்த நான் இரண்டு மாசம் ஹாஸ்டலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு உடம்பு தேறிவிட்டது என்று சர்ட்டிபிகேட் கொடுத்து மறுபடி லைனில் நின்றேன். ஊனம் எவ்வளவு என்று பார்க்க மெடிக்கல் போர்டு கூப்பிட்டது. நாங்கள் போகவில்லை. ரேகை என்னுடையது, தழும்பு அவளுடையது. யார் போவது?

மண்ணீரல் இல்லாத உடம்பை ஒரு காய்ச்சலே அள்ளிக்கொண்டு போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு மூன்று முறை வந்தது. மூன்றாம் தடவை ஐந்து நாள் ஐசியுவில் இருந்தாள், அதுவும் கம்பெனியில் எனக்குக் கொடுத்த வைத்தியக் காப்பீட்டுக் கார்டில்தான். எட்டு மணி நேரம் நிற்க முடியவில்லை. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மெடிக்கலில் தழும்பைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். அவளுக்கு வயசு இருபத்திரண்டு.

ஸ்ரீபெரும்புதூரில் வக்கீல் செந்தாமரையைப் பார்த்தோம். கம்பெனியின் கவனக்குறைவு, நஷ்டஈடு கேட்கலாம், ஆனால் நாளைக் கடத்தினால் கேட்கவே முடியாது என்றார். கேட்பதற்கு ஒன்று வேண்டும். அன்றைக்கு லைனில் நின்றது நான் இல்லை என்று நானே வந்து சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் மட்டும் போதாது, வயிற்றை ஸ்கேன் எடுத்துக்கொண்டு வா என்றார். எடுத்தேன். 'மண்ணீரல் இயல்பான அளவில் உள்ளது' என்று ரிப்போர்ட் வந்தது. ஆஸ்பத்திரி அறுத்து எடுத்த மண்ணீரல் எனக்கு முளைத்தா வந்திருக்கும்?

ரிப்போர்ட்டை வாங்கி நான் ஏழு மாசம் பெட்டிக்குள் வைத்திருந்தேன். இதை மறைத்து என்ன செய்ய? நான்கு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து அப்போதுதான் கம்பெனி ரோலில் நிரந்தர ஆளாக என்னை எடுத்திருந்தார்கள். இளம்பரிதி மோப்பம் பிடித்து வந்தான். நீ வாயைத் திறந்தால் ஆள்மாறாட்டக் கேஸ், வேலையும் போகும், கார்டும் போகும், அப்புறம் உன் பிரெண்டுக்குக் காய்ச்சல் வந்தால் எந்தப் பேரில் வைத்தியம் பார்ப்பாய் என்று கேட்டான். "நீ கம்முனு இருந்தா ரெண்டு பேரும் பொழைக்கலாம்" என்றான். அவன் சொன்னது பொய் இல்லை.

சுகப்பிரியா சாட்சி சொல்ல வா என்று என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கடைசியில் செந்தாமரை கேஸைப் போட்டுவிட்டு, விசாரணைத் தேதியை எனக்கு போனில் சொன்னார். வருவதும் வராததும் உன் இஷ்டம் என்று வைத்துவிட்டார். நான் போனேன்.

தொழிலாளர் அலுவலகத்தில் மாடியில் ஒரு சின்ன அறை. அதிகாரி ஓர் அம்மா. கம்பெனி வக்கீல் நிதானமான ஆள், சத்தமே போடவில்லை. எங்கள் தொழிலாளி ஜாஸ்மின் சுகமாக வேலைக்கு வருகிறார், இந்தச் சுகப்பிரியா யார் என்றே எங்களுக்குத் தெரியாது என்றார். ஆபரேஷன் காகிதத்தை ஆறுமுகநயினாரிடம் நீட்டி, இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்டார்.

"நாந்தாம்யா போட்டேன்."

அப்படியானால் சாம்சன் யார், அன்றைக்குப் பொய் சொன்னீர்களா, இன்றைக்குச் சொல்கிறீர்களா என்று கேட்டார் வக்கீல்.

"சாம்சன்னு போட்டாத்தான் புள்ள பொழைக்கும்னாவ. வேற எந்தப் பேரச் சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன்" என்றார் அவர். அதிகாரி அம்மா பேனாவை மூடிவைத்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். அன்றைக்கு நீ டூட்டியில் இருந்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். இன்னொரு தரம் சத்தமாகச் சொல்லச் சொன்னார், சொன்னேன். ஸ்கேன் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தேன். வக்கீல் அதை எடுத்துப் படித்துவிட்டு லேசாகச் சிரித்தார். அப்படியானால் ஜாஸ்மின் கம்பெனியை ஏமாற்றியிருக்கிறார், இந்தப் பெண் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்தவர், இதையும் பதிவு செய்யுங்கள் என்றார். சூப்பர்வைசருக்குத் தெரிந்துதான் நடந்தது, லைனில் நாற்பது பேர் பார்த்தார்கள் என்றேன். ஒருவரையாவது கூட்டி வாருங்கள் என்றார். நாற்பது பேரையும் நான் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் பிடித்துக் கேட்டாயிற்று. ஒருத்தியும் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அதிகாரி அம்மா சுகப்பிரியாவைப் பார்த்தார். இதை எழுதினால் உன் சிநேகிதிக்கு வேலை போகும், கேஸ்கூட வரலாம், நீ இதுவரை வைத்தியம் பார்த்த கார்டும் நின்றுபோகும், உனக்கு நஷ்டஈடு கிடைக்கும் என்று நான் இப்போது சொல்ல முடியாது, எழுதட்டுமா என்று கேட்டார்.

உள்ளதைச் சொல்கிறேன். அந்த நிமிஷம் அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். ஆம்புலன்ஸில் என் பெயரைச் சொன்னவள்தானே, இங்கேயும் என்னைக் காப்பாற்றிவிடுவாள் என்று என் கேடுகெட்ட மனசு நினைத்தது. அத்தனை தூரம் வந்து, உண்மையையும் சொல்லிவிட்டு, அவள் அதைத் தடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டு நின்றேன்.

"எழுதுங்கம்மா" என்றாள் சுகப்பிரியா. "எழுதாம விட்டா நான் இவ பேர்லயே செத்துப்போவேன்."

டைப் அடித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். எட்டு வரி. கார்டை நான் தெரிந்தே கொடுத்தேன் என்பது மூன்றாவது வரியில் இருந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் முகம் மெலிந்து கன்னம் ஒட்டிக் கிடந்தது. கண்ணில் கோபமும் இல்லை, பாவம் பார்ப்பதும் இல்லை. பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுட்டி" என்றாள். "நிக்க முடியல."

போட்டேன்.