கசாந்திராவுக்கு என்ன வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அண்ணி மேஜையில் நோட்டை விரித்தார். அண்ணனின் நோட்டு. வரலாற்று வாத்தியாரான அண்ணன் வீட்டுக்குள் கொண்டுவந்த விளையாட்டு அது. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து அந்த ஆளாகவே பேச வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். சிக்கல் வந்தால் பகடை முடிவு செய்யும். அண்ணன் போய் ஆறு மாதம். இனிமேல் கதையை நான் நடத்துகிறேன் என்று அண்ணி சொன்னபோது மறுக்க எனக்கு வாய் வரவில்லை. காய்களுக்கு அவருடைய தையல் பெட்டியிலிருந்து பொத்தான்கள். எனக்கு வாய்த்தது அண்ணனின் பழைய கோட்டுப் பொத்தான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். கற்பனைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். வாளைச் சுழற்றும் ஒரு முரட்டு வீரனை எடுத்துக்கொண்டேன், யோசிக்கிற வேலை இல்லை. தங்கை அப்படி விடுகிறவள் அல்ல. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள், எதையும் நுணுக்கி நுணுக்கித்தான் பார்ப்பாள். மூன்று வாரமாகக் கிரேக்கப் புராணத்தில் ஒருத்தியைத் தோண்டிக்கொண்டிருந்தாள். கசாந்திரா, ட்ராய் நகரத்து இளவரசி. நடக்கப்போவதெல்லாம் அவளுக்கு முன்கூட்டியே தெரியும். ஆனால் அவள் சொல்வதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பது சாபம். கத்திக் கத்திச் சொல்லியும் ஊர் எரிந்தது.

அண்ணன் வகுத்த முறைப்படி எந்தப் பாத்திரத்துக்கும் மூன்று கேள்விகள். பலம் என்ன, பலவீனம் என்ன, இந்த ஆளுக்கு என்ன வேண்டும். முதல் இரண்டையும் தங்கை ஒரே மூச்சில் எழுதிவிட்டாள். மூன்றாவது காலியாகவே கிடந்தது.

“இன்னைக்காவது எழுதிடு. அவளுக்கு என்ன வேணும்னு தெரியாம நான் எப்படிக் கதையை நகர்த்துறது?” என்றார் அண்ணி.

“நாலு பேர் நம்பணும், வேறென்ன? எழுதிட்டு வா, ஆரம்பிக்கலாம்” என்றேன்.

“இல்லண்ணா. எல்லாம் எரிஞ்சப்புறம் நம்பி என்ன பண்றது?” தங்கை பென்சிலைக் கீழே வைத்தாள். “‘இவ அப்பவே சொன்னா, நாங்கதான் கேக்கல’ன்னு யாராவது ஒருத்தர் வாய் விட்டுச் சொல்லணும். அவ்வளவுதான்.”

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அண்ணன் இறந்த அன்று காலை, நெஞ்சு எரிகிறது என்று இதே அறையில் சோபாவில் படுத்திருந்தார். தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வர அண்ணி வெளியே போயிருந்தார். பெரியண்ணா முகமே சரியில்லை என்று, வண்டியை எடுக்கச் சொல்லித் தங்கை மூன்று தடவை கெஞ்சினாள். வாயுத் தொல்லைக்கெல்லாம் ஆஸ்பத்திரியா என்று நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு அண்ணியிடம், எல்லாம் திடீரென்று நடந்துவிட்டது என்று சொன்னதும் நான்தான். இவள் பக்கத்தில் நின்றாள், வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. அண்ணி தாளில் ஒரு பாலம் வரைந்தார். அதன் நுனியில் என் பொத்தானை வைத்தேன். தங்கை தன் வெள்ளைப் பொத்தானைப் பக்கத்தில் வைத்தாள்.

“கசாந்திரா என்ன சொல்றா?” என்று கேட்டார் அண்ணி.

“கால் வைக்காதீங்க. கிளம்பிடலாம். இன்னும் நேரம் இருக்கு.”

இன்னும் நேரம் இருக்கு. அன்றும் இதைத்தான் சொன்னாள். சாபப்படி நான் அவளை மட்டம் தட்ட வேண்டும்.

“எதையும் ஊதிப் பெருசாக்குறதே உனக்கு வேலையாப் போச்சு!” என் வாய் தானாகச் சொன்னது. அன்று நான் சொன்னதும் அதேதான்.

அண்ணி சிரித்துவிட்டார். ஆறு மாதத்தில் முதல் சிரிப்பு.

“இப்பதான் வீரனுக்கு உயிரே வந்திருக்கு. நிஜமாவே திட்டுற மாதிரி இருந்துச்சு. ம், பகடையைப் போடுங்க தம்பி.”

பகடையைக் கையில் எடுத்தேன். அந்தச் சிரிப்பைக் கெடுக்காமல் உருட்டிவிட்டுப் போயிருக்கலாம். தங்கை குனிந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, அன்னைக்கு ஒண்ணும் திடீர்னு ஆகல. இவ காலையிலயே சொன்னா. மூணு தடவை சொன்னா. நான்தான் கேக்கல.”

அண்ணியின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாக மறைந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“முதல் தடவை சொன்னப்ப மணி என்ன?”

“ஒன்பதரை” என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு மணிக்கு என்பது அவருக்கும் தெரியும்.

அண்ணி பாலத்தின் நுனியிலிருந்த கோட்டுப் பொத்தானை எடுத்தார். அதன் துளையில் பழைய நூல் ஒரு இழை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்காமல், பொத்தானை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். பாலத்தின் முன்னால் தங்கையின் வெள்ளைப் பொத்தான் மட்டும் இருந்தது.